செஞ்சிக் கோட்டையும் அம்மாவின் முழங்காலும்

அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் ராஜா தேசிங்கு நெருங்கிய சொந்தக்காரர் மாதிரி. அப்பாவுக்குச் செஞ்சிப் பக்கத்துக் கிராமம். சிங்கப்பூரில், செம்பவாங் கப்பல் பட்டறை வேலை முடிந்து வந்து, ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில் உட்கார்ந்து அவர் தேசிங்கு கதையை ஆரம்பித்தால், எதிர் புளோக் பிள்ளைகள்கூட வந்து சேர்ந்துகொள்வார்கள். கல்யாணக் கோலத்தோடு எழுந்து போருக்கு ஓடிவந்த நண்பன் மகமத்கான் இடம் வரும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். "ஒரு தடவை உங்களையெல்லாம் அந்த மலைமேல ஏத்தணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் போய்விட்டார். அதனால் செஞ்சி என்றால் எனக்குச் சுற்றுலா என்ற நினைப்பே வராது. அப்பாவுக்குத் தீர்க்க வேண்டிய கடன் என்றுதான் தோன்றும்.

அந்த நினைப்போடு போனதால்தான் முதல் முறை பெரிய தப்புச் செய்தேன்.

2023 ஜூன் விடுமுறை. நான், கணவர், மகள், மகன், அம்மா என்று ஐந்து பேர். சென்னையில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் சாவகாசமாகக் கிளம்பி, வழியில் நிறுத்தி டிபன் சாப்பிட்டு, கோட்டை வாசலில் இறங்கும்போது மணி பதினொன்று. ஐந்து பேருக்கும் சேர்த்து இரண்டு தண்ணீர் பாட்டில்கள். சிங்கப்பூர் வெயில் பழகிய உடம்புதானே என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊரில் வெயில் என்பது பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல் வரை. அதற்கும் பெரும்பாலும் கூரை போட்டிருக்கும். ஜூன் மாதம் நடுப்பகலில் வெறும் கருங்கல் பாறை கக்குகிற சூடு வேறு. மேலிருந்தும் அடிக்கும், காலடியிலிருந்தும் எழும்பும்.

அம்மாவுக்கு அப்போது 69 வயது. முழங்கால் வலி உண்டு என்று எனக்குத் தெரியும். "ஏறுவீங்களாம்மா?" என்று கேட்டேன். "ஏறிடுவேன், அப்பா பார்க்கச் சொன்ன இடமாச்சே" என்றார். சரி என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். கமலக்கண்ணி அம்மன் கோயிலை நெருங்குவதற்குள் அவருடைய வலது முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. ஒரு படியில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. தண்ணீர் அதற்கு முன்பே தீர்ந்திருந்தது. எதிரில் இறங்கி வந்த கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் தங்கள் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, என் கணவரோடு சேர்ந்து அம்மாவைப் படிப்படியாகத் தாங்கி இறக்கினார்கள். அந்தத் தம்பிகளின் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டது இன்றைக்கும் மனத்தை உறுத்துகிறது.

ஊர் திரும்பியபின் பல மாதங்கள் பலதுறை மருந்தகமும் இயன்முறைச் சிகிச்சையுமாகப் போயின. அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

2025 ஜூலையில், மராட்டியர் காலப் போர்க் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மீதி ஒன்று செஞ்சி. செய்தியைப் படித்துவிட்டு அம்மாவே ஆரம்பித்தார்: "டிசம்பர்ல போலாமா? நான் ஏறலை. ஆனா என்னைக் கார்லயே ஒக்கார வச்சுட்டுப் போயிடாதீங்க." இந்த முறை திட்டமே அந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்கியது. முதலில் கீழே இருக்கப்போகிற அம்மாவின் நாளை முடிவுசெய்தோம். எங்கள் ஏற்றத்தை அதற்குப் பிறகு பொருத்தினோம்.

வயதானவர்களிடம் "ஏறுவீங்களா?" என்று கேட்டால் பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று "ஏறிடுவேன்" என்றுதான் சொல்வார்கள். இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். "கீழே என்னென்ன பார்க்க ஆசை?" என்று கேளுங்கள். அம்மாவிடம் கேட்டபோது ஒரு பெரிய பட்டியலே வந்தது. செஞ்சியில் அதற்குப் பஞ்சமில்லை. கல்யாண மகால், நெற்களஞ்சியம், குதிரை லாயம், ஆனைக்குளம், வெங்கடரமணர் கோயில், சாதத்துல்லாகான் பள்ளிவாசல் எல்லாம் தரைமட்டத்திலேயே இருக்கின்றன. மலை ஏறவே இல்லையென்றாலும் அரை நாள் போதாது.

ஏறுகிறவர்களுக்குப் பயிற்சி வேண்டும். செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளையும் சுற்றி வளைத்த சுவர்களைக் கொண்டது. சுவரின் மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர். மூன்றிலும் உயரமானது ராஜகிரி, ஏறத்தாழ 800 அடி, அதாவது 240 மீட்டர். சிங்கப்பூரிலேயே உயரமான புக்கிட் தீமா குன்று கடல் மட்டத்திலிருந்து 164 மீட்டர்கூட முழுசாக இல்லை. என் கணவர் கணக்குப் போட்டார். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கில் ஒரு மாடிக்குச் சுமார் 2.8 மீட்டர். எங்கள் புளோக்கில் 12 மாடி. கீழிருந்து மேலே எட்டு முறை ஏறினால் ஒரு ராஜகிரி.

செப்டம்பரிலிருந்து வாரம் மூன்று நாள், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், நாலு பேரும் மாடிப்படி ஏறினோம். முதல் வாரம் இரண்டு முறை, அப்புறம் மூன்று, நாலு. ஆரம்பத்தில் ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்கிவந்தோம். முழங்காலுக்கு நல்லது என்று நினைப்பு. அம்மாவுக்குச் சிகிச்சை கொடுத்த பெண்தான் திருத்தினார்: மலையில் மின்தூக்கி கிடையாது, இறங்கும்போதுதான் தொடைத் தசை நடுங்கும், கால் பிசகுவதும் அப்போதுதான், அதனால் இறங்கியும் பழகுங்கள் என்றார். அப்படியே செய்தோம். முதல் நாள் ஐந்து மாடி இறங்குவதற்குள் என் கால் வெடவெடத்தது. அந்த நடுக்கம் புளோக்கிலேயே வந்து போனது நல்லதாயிற்று.

மகன் தொடக்கநிலை நான்கு. முதல் பயணத்தில் அவன் பள்ளிக்கூட வெள்ளைக் காலணியோடு ஏறினான்; அடிப்பாகம் தேய்ந்து வழவழவென்று இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. பல்லாயிரம் பாதம் பட்டுப் பளபளத்துப்போன கருங்கல் படியில் அது வழுக்கும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை வேறு. நிழல் விழுகிற படிகளில் பாசி பிடித்திருக்கும். இந்த முறை நாலு பேருக்கும் பிடிமானமுள்ள காலணி வாங்கி, ஒரு மாதம் போட்டுப் பழகியபிறகே கொண்டுபோனோம். முதல் நாள் மழை பெய்திருந்தால் ஏறுவதை ஒரு நாள் தள்ளிப்போடுவது என்று, கையில் கூடுதலாக ஒரு நாளையும் வைத்திருந்தோம். அந்த நாள் தேவைப்படவில்லை. ஆனாலும் அது இருந்ததால் யாருக்கும் பதற்றம் இல்லை.

தங்கியது திருவண்ணாமலையில். அங்கிருந்து செஞ்சிக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கார்த்திகை தீபமும் பௌர்ணமியும் வருகிற நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் அறை தேடாதீர்கள். கிரிவலக் கூட்டத்தில் இடமும் கிடைக்காது, சாலையில் வண்டியும் நகராது. திண்டிவனத்தில் தங்கினாலும் தூரம் அதிகமில்லை.

காலை இட்லியைப் பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொண்டு, கோட்டை திறக்கும் நேரத்துக்கே வாசலில் நின்றோம். பகல் ஒரு நேரத்துக்கு மேல் ராஜகிரி ஏற விடமாட்டார்கள் என்பதால் காலையை விட்டால் நாளே போய்விடும். நுழைவுச்சீட்டில் இந்தியர்களுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. எங்கள் வீட்டில் கணவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி, நாங்கள் நால்வரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தால் உள்ளூர்க் கட்டணம்தான். அம்மாவிடம் அது இருந்தது, எடுத்துவர மறக்காதீர்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், அவரவர் முதுகுப் பையில். முதல் முறை எல்லாம் கணவர் பையிலேயே இருந்ததால் பிள்ளைகள் தாகத்தை அடக்கிக்கொண்டு நடந்தார்கள். கேட்டால் அப்பா நிற்க வேண்டுமே என்று. தன் தண்ணீர் தன் முதுகில் இருந்தால் குழந்தை தானாகவே குடிக்கும். மேலே கடை எதுவும் கிடையாது. ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்துகொண்டோம். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள். அங்கே குரங்குகளுக்கு அந்தச் சரசரப்புச் சத்தம் போதும். எங்களுக்கு முன்னால் போன ஒருவரின் கையிலிருந்து பழப்பை கண்மூடித் திறப்பதற்குள் பறிபோனது. அவர் எதிர்த்து இழுக்காமல் விட்டதால் கீறல் இல்லாமல் தப்பினார். சாப்பிடுவதைக் கீழேயே முடித்துவிடுங்கள்.

அம்மாவை ஓட்டுநர் தம்பியின் பொறுப்பில் விட்டுவிட்டு எட்டே முக்கால், ஒன்பது மணி வாக்கில் ஏற ஆரம்பித்தோம்.

அந்தப் படிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் பழகிய மாடிப்படி எல்லாம் ஒரே உயரம். கால் தானாகவே கணக்கு வைத்துக்கொள்ளும். ராஜகிரியில் ஒரு படி சாணுயரம், அடுத்தது மகனின் முழங்கால் உயரம், அதற்கடுத்தது பாறையில் வெட்டிய ஒரு குழிவு மட்டும். கல் ஒவ்வொன்றிலும் உளித்தழும்பு தெரியும். ஓரத்தில் வரிசையாக ஆப்பு அடித்துப் பிளந்த அடையாளம், பல் வரிசை மாதிரி. மகன் அந்தக் குழிகளில் விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தான். கால் தானாகப் போகாது என்பதால் ஒவ்வொரு படியையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும். பேசிக்கொண்டே ஏறக் கூடாது என்று எங்களுக்குள் பேசிவைத்தோம். பேசுவதென்றால் நின்று பேசுவோம். நூறு படிக்கு ஒரு தரம் நிழலில் நிற்பது, நின்றதும் எல்லாரும் இரண்டு வாய் தண்ணீர். வேகத்தை வைப்பது மகன்; அவன்தான் முன்னால், கணவர் கடைசியில்.

கமலக்கண்ணி அம்மன் கோயிலில் காலணியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டோம். ராஜகிரிக்குக் கமலகிரி என்று முன்பு ஒரு பெயர் இருந்தது இவளை வைத்துத்தான். இரண்டு வருடத்துக்கு முன் அம்மா உட்கார்ந்துவிட்ட படி அதற்குக் கொஞ்சம் கீழே. அடையாளம் தெரிந்தது. அந்த இடத்தில் நான் நின்றதை மகள் பார்த்துவிட்டாள். பக்கத்தில் வந்து என் பையின் வாரைச் சரிசெய்துவிட்டுப் பேசாமல் மேலே போனாள்.

அதற்கு மேல் வெயில் ஏறியது. ஆனால் காற்றும் கூடவே வந்தது. ஒரு திருப்பத்தில் மகனுக்கு முகம் சிவந்து, தலை லேசாகச் சுற்றுகிறது என்றான். பாறை நிழலில் உட்காரவைத்து, கழுத்திலும் மணிக்கட்டிலும் ஈரத்துண்டைப் போட்டு, எலுமிச்சைத் தண்ணீரைச் சிறுகச் சிறுகக் கொடுத்தோம். இருபது நிமிடத்தில் தெளியவில்லையென்றால் நானும் அவனும் இறங்கிவிடுவது, கணவரும் மகளும் மேலே போவது என்று சிங்கப்பூரிலேயே முடிவு செய்திருந்தோம். யார் திரும்பினாலும் மற்றவர்கள் சங்கடப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே பேசிவைப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அப்போது புரிந்துகொண்டேன். வீரம் பேசவைத்து ஒரு பத்து வயதுப் பையனை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை. பத்து நிமிடத்திலேயே அவன் தெளிந்து எழுந்தான்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. அந்தப் பிளவு சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். முன்பு அதன்மேல் மரத்தால் ஆன இழுவைப் பாலம் இருந்தது. எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் போக வழியே கிடையாது. இப்போது சிறிய பாலம் ஒன்று இருக்கிறது. மகள் உயர்நிலை இரண்டு படிக்கிறாள். அவளுக்குத் தெரிந்த கோட்டை, வகுப்போடு போய்ப் பார்த்த ஃபோர்ட் கேனிங்தான். அங்கே பழைய கோட்டையில் ஒரு வாசலும் சுவர்த் துண்டும்தான் மிச்சம். பாலத்தின் நடுவில் நின்று கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "அப்புறம் எப்படிம்மா இதைப் பிடிச்சாங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகவே அத்தனை படி ஏறலாம். 1677-இல் சிவாஜி இதைக் கைப்பற்றிப் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கியிருந்தபோது ஔரங்கசீப்பின் படை 1690-இல் முற்றுகை போட்டது. கோட்டை விழுந்தது 1698-இல். அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். எட்டு வருடம்! "என் வயசுல முக்கால்வாசி" என்றான் மகன். பாலத்தில் நின்றால் ஏன் எட்டு வருடம் ஆனது என்று யாரும் விளக்க வேண்டாம். பத்து ஆள் இந்தப் பக்கம் நின்றாலே போதும்.

உச்சியில் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம். நாங்கள் மேலே போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. இளவட்டங்கள் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடுகிறார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மணிக்கூண்டிலிருந்து பார்த்தால் எதிரே கிருஷ்ணகிரி, அந்தப் பக்கம் சந்திரகிரி, மூன்றையும் இணைத்து வளைந்து போகும் சுவர், நடுவே மழைக்குப் பிறகு பச்சைப் பசேலென்று வயல். அப்பாவின் கிராமம் எந்தத் திசை என்று கணவர் கைப்பேசியில் பார்த்துக் காட்டினார். ஏரிக்கரைப் பனைமரங்கள்தான் தெரிந்தன. நான் அப்பாவின் பழைய கைக்குட்டை ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அங்கே விட்டுவரக் கொண்டுபோகவில்லை, குப்பை போடக் கூடாது. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவைக் கூப்பிட்டோம். முதல் அழைப்பிலேயே எடுத்துவிட்டார். "மேல போயிட்டீங்களா? நான் செட்டிக்குளத்துல இருக்கேன்" என்றார்.

தேசிங்கு 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு மோதி மாண்டான். அவன் உடலை எரித்தது இந்தச் செட்டிக்குளக் கரையில்தான் என்றும், அவன் மனைவியும் அதே தீயில் இறங்கினாள் என்றும் ஊரில் சொல்வார்கள். நாங்கள் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா முதலில் நெற்களஞ்சியத்துக்குப் போய், வௌவால் வாடையைச் சகித்துக்கொண்டு உள்ளே நின்று ஒரு திருப்புகழைப் பாடிப் பார்த்திருக்கிறார். குரல் வளைவுக் கூரையில் பட்டுத் திரும்பி வந்ததாம். அப்புறம் கல்யாண மகாலின் சதுர முற்றத்தில் நிழலில் உட்கார்ந்து, அடுக்கடுக்காக எழும்பிக் கூம்பாக முடிகிற அந்தக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறார். பிறகு ஓட்டுநர் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு குளக்கரைக்கு. அப்பா சொன்ன கதையை முழுசாக அந்தத் தம்பிக்குச் சொல்லியிருக்கிறார். அவர் உள்ளூர்க்காரர், அவருக்கும் அவருடைய தாத்தா சொன்ன கதை ஒன்று இருந்தது. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் இருவரும் வாதம் செய்திருக்கிறார்கள். எங்களைவிட அம்மா அன்றைக்கு நிறையப் பார்த்தார் என்பது என் எண்ணம்.

இறங்க ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. மூன்று மாதம் மாடி இறங்கியதன் பலன் அப்போதுதான் தெரிந்தது. உயரமான படிகளில் பக்கவாட்டில் திரும்பி, ஒரு கையால் சுவரைப் பிடித்து இறங்கினால் முழங்காலில் பாரம் குறையும். கேமராவையும் கைப்பேசியையும் பைக்குள் போட்டுவிடுங்கள். இரண்டு கையும் வேண்டும். ஒரு கைத்தடி இருந்தால் இன்னும் நல்லது. நாங்கள் கொண்டுபோகவில்லை, அடுத்த முறை கொண்டுபோவோம்.

மறுநாள் புதுச்சேரி. செஞ்சியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். சாயங்காலம் கடற்கரையில் காந்தி சிலை வரை நடந்தோம். அங்கே சிலையைச் சுற்றி எட்டுக் கல்தூண்கள் உயரமாக நிற்கின்றன, மேலிருந்து கீழ் வரை சிற்பம். பிரெஞ்சுக்காரர்கள் 1750-இல் செஞ்சியைப் பிடித்து, 1761-இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அந்தத் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. நான் இதை அம்மாவிடம் முன்பே சொல்லவில்லை. அங்கே போனதும் சொன்னேன்.

அம்மா பேசாமல் ஒரு தூணின் பக்கத்தில் போய், உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்தார். கடற்காற்றில் கல் ஈரமாகக் குளிர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நான் ஏறமாட்டேன்னு தெரிஞ்சு இது எறங்கி வந்திருக்கு" என்றார். பிறகு மேடையின் விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டி, மகனிடம் சுண்டல் வாங்கிவரச் சொன்னார்.